வண்டி கோபியில, ஹெல்மெட் சலான் காந்திபுரத்துல

வண்டி கோபிசெட்டிபாளையத்துல வீட்டுலயே நிக்கறப்ப, கோவை காந்திபுரத்துல ஹெல்மெட் போடலைன்னு சலான் வந்தா, பணம் கட்டிடாதீங்க. கட்டினா தப்பை ஒத்துக்கிட்டதா கணக்கு முடிஞ்சிரும், திரும்ப வாங்கறது குதிரைக்கொம்புங்க.

கோபி வீட்டுல நின்ன டிஎன் 36 ஸ்கூட்டருக்கு, ஹெல்மெட் போடலைன்னு காந்திபுரத்துல 1000 ரூபா சலான்னா, பெரும்பாலும் நம்பரைத் தப்பாப் படிச்சிருப்பாங்க. கோபி ஆர்டிஓ நம்பர் டிஎன் 36, கோவை வடக்கு டிஎன் 38. அந்த 8-ல கொஞ்சம் சேறு அப்பியிருந்தாப் போதும், 6 ஆயிரும். வளைச்சு நெளிச்சு எழுதின பிளேட்னா கேக்கவே வேண்டாம்.

அரசோட பரிவாகன் இ-சலான் தளத்துல சலான் நம்பர் போட்டு, போட்டோவைப் பெருசாக்கிப் பாருங்க. மாடல், கலர், கண்ணாடி, பின்னாடி லைட். ஒண்ணு ஒத்துவரலைன்னாலும் அந்தப் படமும், உங்க ஆர்சி நகலும், உங்க வண்டியை முன்னும் பின்னும் எடுத்த போட்டோவும் வச்சு, தளத்துலயே புகார் போடுங்க. சலான் போட்ட டிராபிக் ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுத்து ரசீது வாங்கிக்கோங்க.

அதே மாடல், அதே கலர், அதே நம்பர்னா விஷயமே வேற. யாரோ உங்க நம்பரை மாட்டிட்டுச் சுத்தறாங்க. உடனே போலீஸ்ல புகார் குடுங்க.

சும்மா விட்டா கேஸ் ஆன்லைன்ல நடக்கற மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகும், வண்டியை விக்கறப்ப பேர் மாத்தறதும் சிக்கலாகும். முக்கியமா, சலான் வாட்ஸ்அப்புல ஏபிகே ஃபைலா (போன்ல ஆப் ஏத்தற ஃபைல்) வந்திருந்தா தொடவே தொடாதீங்க, அது மோசடி.