வாசகர் கேள்வி – பதில்: குக்கரில் வெந்த மண்டையோடு

கேள்வி: பள்ளி ஆய்வகத்துக்காக ஆட்டுத் தலையைக் குக்கரில் வேகவைத்துச் சதையை எடுத்தோம். இப்போது பற்கள் ஆடுகின்றன, மூக்கெலும்பு கழன்றுவிட்டது, வெயில் காலத்தில் பிசுபிசுத்து வாடையும் அடிக்கிறது. சரியான முறை எது?
– உயிரியல் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: குக்கர்தான் காரணம். எலும்புக்கு உறுதி தருகிற கொல்லாஜன் என்ற புரதம் 60, 65 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். குக்கர் சூட்டில் அது ஜெலட்டினாகிச் சூப்போடு போய்விடும். மூட்டுகள் பிரியும், பற்கள் தளரும். கொழுப்பும் உருகி எலும்பின் நுண்துளைகளுக்குள் இறங்கிக்கொள்ளும். பிசுபிசுப்பும் வாடையும் அதனால்தான்.

தலையை நீரில் ஊறவைத்து, சதையைப் பாக்டீரியாக்கள் தின்ன விடுவதே நல்ல முறை. கறிக்கடையில் முதல் நாளே சொல்லிவையுங்கள்: தலையைத் தீயில் வாட்டக் கூடாது, மூளைக்காகப் பிளக்கவும் கூடாது. சொல்லாவிட்டால் இரண்டையும் செய்துதான் கொடுப்பார்கள். வளர்ந்த ஆடாகக் கேளுங்கள். குட்டியின் மண்டையோட்டில் எலும்புகள் ஒன்றோடொன்று இறுகியிருக்காது; என்ன பக்குவம் பார்த்தாலும் துண்டு துண்டாகத்தான் வரும்.

கையுறை போட்டுக்கொண்டு தோல், நாக்கு, கண், பெரிய சதைப்பகுதி ஆகியவற்றை நீக்குங்கள். கத்தி எலும்பில் உரசினால் அந்தக் கீறல் கடைசிவரை நிற்கும். ஒட்டியிருப்பதைச் சுரண்ட வேண்டாம். தண்டுவடம் நுழைகிற பின்துளை வழியாக, முனை வளைத்த கம்பியால் மூளையைக் கலக்கி, தண்ணீர் பீய்ச்சி வெளியேற்றலாம். முதல் ஓரிரு நாள் குளிர்ந்த நீரில் போட்டு, சிவப்பு வடியும்வரை அடிக்கடி நீரை மாற்றுங்கள். இதைத் தவிர்த்தால் ரத்தக்கறை பழுப்பாகத் தங்கிவிடும்.

அதன்பின் 15 அல்லது 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் முழுக அமிழ்த்தி, மூடிவைத்து விடுங்கள். உப்பு, டெட்டால், பிளீச்சிங் எதையும் சேர்க்காதீர்கள், நம் வேலைக்காரர்களான பாக்டீரியாக்களையே கொன்றுவிடும். 35 டிகிரி வாக்கில் வேலை வேகமாக நடக்கும். நம் கோடையில் மொட்டை மாடியே போதும்: இரண்டிலிருந்து நான்கு வாரம். மார்கழியில் இன்னும் இழுக்கும். வாரம் ஒருமுறை பாதி நீரை மட்டும் மாற்றுங்கள். முழுவதையும் கொட்டிவிட்டால் பாக்டீரியாவும் போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நாற்றம் குடலைப் பிடுங்கும், அதை மறைப்பதற்கில்லை. வகுப்பறைப் பக்கம் வைக்காதீர்கள். கழிவுநீரைக் கிணற்றுக்குத் தொலைவில் குழி தோண்டி ஊற்றுங்கள்.

கொம்பின் வெளியுறை இடையில் தானாகத் தளரும். திருகிக் கழற்றித் தனியே காயவைத்துப் பிறகு மாட்டலாம். நீரை வெளியே கொட்டும்போதெல்லாம், உதிர்ந்த பல் போய்விடாமல் கொசுவலைத் துணியில் வடிகட்டுங்கள். வளர்ந்த ஆட்டுக்குப் பற்கள் 32. கீழ்த்தாடை முன்புறம் எட்டு. மேலே முன்பற்களே கிடையாது, அவற்றைத் தேடி அலைய வேண்டாம். விழுந்த பல்லை அதன் குழியில் வைத்து ஒரு சொட்டு வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். உடனடிப் பசை வேண்டாம், தவறான குழியில் ஒட்டிவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

அடுத்தது கொழுப்பு நீக்கம். பலரும் பொறுமை இழக்கிற கட்டம். பத்து லிட்டர் வெதுவெதுப்பான நீரில் நான்கைந்து மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து ஊறவையுங்கள். நீர் கலங்கும்போதெல்லாம் மாற்றுங்கள். எண்ணெய்ப் படலம் மிதப்பது நிற்கும்வரை நிறுத்தக் கூடாது. நிழலில் காயவைத்தபின் மஞ்சளாக, ஒளி ஊடுருவுவதுபோல் திட்டுகள் தெரிந்தால் கொழுப்பு மிச்சம், மறுபடி ஊறவையுங்கள். உங்கள் பழைய மண்டையோட்டுக்கும் இதே வைத்தியம்தான். வாடை போகும், இழந்த உறுதி திரும்பாது. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு திமிங்கிலவேட்டை அருங்காட்சியகத்தில் 2000-இல் காட்சிக்கு வைத்த நீலத்திமிங்கில எலும்புக்கூடு பல ஆண்டுகள் எண்ணெய் சொட்டியது. கீழே குடுவை வைத்துப் பிடித்தார்கள். ஆட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பன்றி மண்டையோட்டுக்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

கேள்வி: எலும்பைப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தால் பளிச்சென்று வெளுக்கிறதே, என்ன கெடுதல்?
– கல்லூரி ஆய்வக உதவியாளர், நாகர்கோவில்

பதில்: வெளுக்கும், கூடவே எலும்பும் கரையும். அதிலுள்ள ஹைபோகுளோரைட் கொல்லாஜனை அரித்துவிடும். கழுவியபின் துளைகளில் தங்கியதும் விடாமல் அரிக்கும். ஒருநாள் தொட்டால் சுண்ணாம்பாக உதிரும். ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், லேபிளைப் பாருங்கள். சம அளவு நீர் கலந்தால் 3 சதவீதம். பிளாஸ்டிக் தொட்டியில் ஓரிரு நாள் முழுக வையுங்கள். மூடியை இறுக்கினால் வாயு சேர்ந்து வெடிக்கும். உலோகப் பாத்திரம் ஆகாது. கொம்புறையை அதில் போடாதீர்கள், நிறம் போய்விடும். எலும்பின் இயல்பான நிறம் லேசான தந்த நிறமே, பால்வெள்ளைக்கு ஆசைப்படாதீர்கள். வெயிலில் காயவைத்தால் பல் விரிசல் விடும்.

கேள்வி: அருங்காட்சியகங்களில் வண்டு வளர்த்துச் சுத்தம் செய்கிறார்களாமே?
– மாணவர், மதுரை

பதில்: ஆம், டெர்மெஸ்டிஸ் மாகுலேட்டஸ் என்ற வண்டு. முக்கியமாகத் தின்பது அதன் புழுக்கள்தாம். எலி, வௌவால் போன்றவற்றின் மெல்லிய எலும்புகளுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. சதையை ஓரளவு உலர்த்திக் கொடுக்க வேண்டும். ஈரமாக இருந்தால் பூஞ்சை வரும். வேலை முடிந்ததும் எலும்பை ஆழ்உறைபெட்டியில் சில நாள் வைத்து, ஒளிந்திருக்கும் புழுக்களைக் கொல்வார்கள். தப்பிய வண்டு பாடம்செய்த தோலையும் பூச்சிச் சேகரிப்பையும் தின்று தீர்க்கும். அதனால் வண்டுக்கூடத்தைச் சேகரிப்பு அறைக்கு அருகில் வைக்க மாட்டார்கள். பள்ளிக்கு இது வேண்டாம்.

கேள்வி: சாலையோரம் செத்துக்கிடந்த மயிலின் தலையை எடுத்துப் பாடம் செய்யலாமா?
– வாசகர், விராலிமலை

பதில்: கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இறந்து கிடந்தாலும் மயில் அரசின் சொத்து. வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். திடீரென இறந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் வடியும் ஆடு மாடுகளையும் தொடாதீர்கள். ஆந்த்ராக்ஸாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். வெறிநோய் ஆபத்தால் தெருநாய்த் தலையும் வேண்டாம். பறவை மண்டையோடுதான் வேண்டுமென்றால் கறிக்கடைக் கோழித்தலை போதும். அதே நீர்முறைதான், நாளும் குறைவு. வடிகட்ட மட்டும் தேநீர் வடிகட்டி வேண்டும்.