பனிக்கட்டிக்கு அடியில் பைக் மீன்: லீடருக்கு எதை வாங்குவது?

கேள்வி: மச்சான் குடும்பம் கனடாவில் வின்னிபெக் பக்கம் இருக்கிறது. ஜனவரியில் போகிறோம். உறைந்த ஏரியில் துளை போட்டுப் பைக் என்ற கூர்ப்பல் வேட்டை மீனைப் பிடிக்கக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். நூலுக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் வலுவான துண்டான லீடரை நான் வாங்கி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கடையில் ஃபுளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக் இழை, ஸ்டீல், டைட்டானியம் என்று மூன்றையும் காட்டினார்கள். கடைக்காரர் ஃபுளோரோகார்பன்தான் மீன் கண்ணுக்குத் தெரியாது என்கிறார். எதை வாங்குவது?
- ஈசூன் வாசகர்

பதில்: முதலில் வாங்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 30 பவுண்டு தாங்கும், மேல்பூச்சு இல்லாத ஏழு இழை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி ஒரு சுருள், அதன் தடிமனுக்குப் பொருந்தும் ஸ்லீவ் (கம்பி முனையை மடித்து நசுக்கிப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்), கொஞ்சம் தரமான ஸ்விவல் (நூல் முறுக்காமல் சுழலும் இணைப்பு). இவ்வளவு போதும்.

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃபுளோரோகார்பனுக்கு 1.42, சாதாரண நைலான் தங்கூசிக்கு 1.5க்கு மேல். தண்ணீரின் எண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால் ஃபுளோரோகார்பன் தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாது. பனிக்கட்டிக்கு அடியில் இரை ஒரே இடத்தில் தொங்கும், மீன் வந்து நின்று பார்க்க நேரம் இருக்கிறது என்பதால் இந்த வாதத்துக்கு வலு கூடுகிறது. ஆனால் பைக்கின் வாயையும் யோசிக்க வேண்டும். கீழ்த்தாடையில் நீளமான கூர்ப்பற்கள், மேலண்ணம் முழுக்க உள்நோக்கிச் சாய்ந்த சின்னப் பற்கள். சிங்கப்பூரில் பிடோக் படகுத்துறையில் தெங்கிரி (வஞ்சிரம்) பிடிப்பவர்களுக்கு நூல் அறுபடுவது எப்படி என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கேயும் அதே கதைதான். மெல்லிய ஃபுளோரோகார்பன் இந்தப் பல்லுக்கு நிற்காது, 80 அல்லது 100 பவுண்டு வேண்டும். அந்தத் தடிமன் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது என்பதற்காகக் காசு கொடுத்துவிட்டு ஸ்டீல் கம்பியைவிட இரண்டு மடங்கு தடிமனான ஒன்றைத் தண்ணீரில் தொங்கவிடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அப்படியும் சில சமயம் அறுந்துபோகிறது.

அறுந்தால் நஷ்டம் நமக்கு மட்டும் இல்லை. உறைந்த ஏரியில் பெரும்பாலும் டிப்-அப் என்ற கொடி வைத்த தூண்டிலைத் துளைமேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்திருப்பார்கள். மீன் இழுத்ததும் கொடி நிமிரும், ஆள் பனியில் நடந்து வந்து சேர்வதற்குள் இரை தொண்டைப் பக்கம் போயிருக்கும், லீடர் பல்வரிசைக்கு நடுவே கிடந்து உரசிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அறுந்தால் மூன்று கொக்கி முட்களைத் தொண்டையில் வைத்துக்கொண்டு அந்த மீன் இரை எடுக்க முடியாமல் செத்துப்போகலாம். உயிரோடு விட்டுவிடலாம் என்று எண்ணிப் பிடிக்கிற மீனுக்கு நாம் இதைச் செய்யக்கூடாது. ஃபுளோரோகார்பனில் இரண்டு மீன் கூடக் கடிக்கலாம், அதற்காக இந்த ஆபத்தை ஏற்க நான் தயாராக இல்லை, உங்களையும் ஏற்கச் சொல்லமாட்டேன்.

டைட்டானியம் நல்ல பொருள். வளைந்தாலும் தானாக நேராகிவிடும், துருப்பிடிக்காது, ஒரு லீடர் பல மீன்களுக்கு வரும். விலைதான் ஸ்டீலைப்போலப் பல மடங்கு. ஒற்றை இழை டைட்டானியம் பல முறை வளைந்த பிறகு, முன்கூட்டி எந்த அடையாளமும் காட்டாமல் ஒருநாள் பட்டென்று போய்விடுவதும் உண்டு. மச்சான் ஒவ்வொரு குளிர்காலமும் போகிறவர் என்றால் அவருக்குப் பரிசாக வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கு வேண்டாம். ஏழு இழை ஸ்டீல் ஒரு பெரிய மீனுக்குப் பிறகு சுருண்டுபோகும், உண்மைதான், சுருண்டதை நேராக்கிப் பார்க்காமல் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். மலிவாக இருப்பதால்தான் மனசு வந்து தூக்கிப்போட முடிகிறது. பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட கம்பி பார்க்க அழகு, ஆனால் பல் பட்டுப் பூச்சு கிழிந்ததும் உள்ளே தண்ணீர் தங்கும், துரு எங்கே பிடித்திருக்கிறது என்று தெரியாது.

தயாராகக் கட்டி விற்கும் லீடர் பாக்கெட்டுகளில் கம்பி நன்றாகவே இருக்கும், மாட்டியிருக்கிற ஸ்விவலும், ஸ்னாப் என்ற திறந்து மூடும் கொக்கியும்தான் முதலில் விரியும். அதனால் சுருளாக வாங்கி வீட்டிலேயே 40, 50 சென்டிமீட்டர் நீளத்துக்குச் செய்துகொள்ளுங்கள். மைனஸ் 20 டிகிரியில் கையுறையைக் கழற்றி ஸ்லீவ் நசுக்க விரல் வராது. ஊரிலேயே நிதானமாக உட்கார்ந்து அதற்கென்று இருக்கும் கிரிம்ப் இடுக்கியால் நசுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து எடுத்துவைத்தால் ஆயிற்று. இடுக்கியையும் முட்களையும் கைப்பையில் வைக்காதீர்கள், பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். இன்னொன்று, மனிடோபா மாநிலத்தில் எதிர்முள் (முனையருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் கூர்) இல்லாத தூண்டில் முள்தான் சட்டம். இங்கே வாங்கும் முள்ளில் எதிர்முள் இருந்தால் இடுக்கியால் அழுத்திப் படியவைத்துக்கொண்டு போங்கள்.

ஃபுளோரோகார்பன் ஆசை விடவில்லை என்றால் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. துளையின் பனி விளிம்பில் உரசிப் பின்னல் நூல் நைந்துபோகும். பின்னல் நூலுக்கும் ஸ்டீல் லீடருக்கும் நடுவே ஒரு மீட்டர் ஃபுளோரோகார்பன் கட்டினால் அந்த உரசலைத் தாங்கும். பல் படும் இடத்தில் மட்டும் ஸ்டீலே இருக்கட்டும்.

கேள்வி: கணவருக்காக இணையத்தில் 'ஃபுளோரோகார்பன் லீடர்' என்று போட்டிருந்த சுருள் வாங்கினேன். பாதி விலைக்குக் கிடைத்தது. வந்து பார்த்தால் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஃபுளோரோகார்பன் பூச்சு' என்று இருக்கிறது. விற்றவர் பதில் போடவில்லை. பணம் திரும்ப வருமா?
- பிடோக் வாசகி

பதில்: பூச்சு என்றால் உள்ளே இருப்பது நைலான். நைலான் தண்ணீரை உறிஞ்சிப் பலம் குறையும், ஃபுளோரோகார்பன் உறிஞ்சாது. அடர்த்தியும் வேறு: தண்ணீரை 1 என்று வைத்தால் நைலான் 1.14, ஃபுளோரோகார்பன் 1.78 அளவில் இருக்கும். நீங்கள் வாங்கியதிலும் உண்மையான ஃபுளோரோகார்பனிலும் ஒரு துண்டு வெட்டி நனைத்து உயரமான கண்ணாடிக் குவளையில் விட்டால் எது விறுவிறுவென்று இறங்குகிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம். லைட்டரால் கொளுத்திப் பார்க்கச் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், எரியும் ஃபுளோரோகார்பன் நச்சுவாயுவை வெளியிடும்.

பணத்துக்கு வருவோம். விளம்பரப் பக்கத்தை இப்போதே படம் பிடித்து வையுங்கள், அதை மாற்றிவிட அதிக நேரம் ஆகாது. பொருளைப் பெற்றுக்கொண்டேன் என்ற பொத்தானை இன்னும் அழுத்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள், அந்தத் தளத்திலேயே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். நடைமுறையில் சீக்கிரம் முடிகிற வழி இதுதான். விற்றவர் சிங்கப்பூர்க் கடைக்காரர் என்றால் சட்டமும் உங்கள் பக்கம். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, விவரித்தபடி இல்லாத பொருளை மாற்றித் தரச் சொல்லலாம், அது முடியாவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. அவர் அசையவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ், அதற்கும் மேல் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும் சிறு கோரல் நடுவர் மன்றம். வீட்டில் மிச்சமானதை விற்கும் தனியாளிடம் வாங்கியிருந்தால் அந்த 2012 விதி உதவாது. வெளிநாட்டுக் கடை என்றால் உரிமை இருந்தும் நடைமுறையில் அவரை இழுத்துப் பிடிப்பது கஷ்டம், தளம்தான் நம்பிக்கை.

அப்புறம் விலையை ஒப்பிடும்போது வரியையும் சேர்த்துப் பாருங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்குள் வரும் வெளிநாட்டுப் பொருள்களுக்கும் பதிவுபெற்ற தளங்கள் பொருள் சேவை வரி வசூலிக்கின்றன, இப்போது 9 விழுக்காடு.

கேள்வி: ஏழு இழைக் கம்பி மிச்சம் இருக்கிறது. இங்கே பயன்படுமா?
- செங்காங் வாசகர்

பதில்: தாராளமாக. தெங்கிரிக்கு அதையே போடலாம், கடல் தண்ணீரில் பயன்படுத்தினால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், ஸ்டெயின்லெஸ் ஆனாலும் ஸ்லீவ் நசுக்கிய இடத்தில் துரு ஏறும். நீர்த்தேக்கத்தில் தோமான் என்ற விரால் வகை மீனுக்கும் போடலாம், 20 சென்டிமீட்டர் போதும். அங்கே அனுமதித்த இடத்தில் மட்டும்தான் தூண்டில் போட வேண்டும், உயிர் இரை கூடாது.