நேபாளத்தின் 2015: வாக்கெடுப்புக்கு வெளியே நின்றவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2015இல் நேபாளம் நிறைவேற்றிய அரசியல் சட்டத்தை நீங்கள் குறைகூறி எழுதியது எனக்கு வருத்தம் அளித்தது. நிலநடுக்கம் தலைவர்களை ஒன்றுசேர்த்தது; நொறுங்கிய நாடு ஐந்தே மாதத்தில் பெரும்பான்மை ஆதரவோடு செய்த சாதனை அது. பின்னர் வந்த துன்பங்களுக்கெல்லாம் எல்லையில் சரக்குகளைத் தடுத்த இந்தியாவின் முற்றுகைதானே காரணம்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

முற்றுகை கொடுமையானது. லாரி ஓட்டுநர்கள் பயந்து வரவில்லை என்று டெல்லி சொன்னதை நான் நம்பவில்லை. ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேரை இழந்திருந்த மக்களுக்கு எரிவாயுவும் மருந்தும் மாதக்கணக்கில் கிடைக்காமல் போனதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது.

ஆனால் இந்திய எல்லையை ஒட்டிய தெற்குப் பகுதியான தராய்ச் சமவெளி அதற்கு முன்பே எரிந்துகொண்டிருந்தது. ஜூன் 8 அன்று நான்கு பெரிய கட்சிகள் அரசியல் சட்டத்துக்கான 16 அம்ச உடன்பாட்டில் கையெழுத்திட்டன. மாநில எல்லைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது அது. அந்த உடன்பாட்டுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆகஸ்டில் எல்லைகள் வரையப்பட்டபோது சமவெளி மக்களான மாதேசிகளும் அங்குள்ள பழங்குடியினரான தாருக்களும் தெருவுக்கு வந்தார்கள். சமவெளிக்குத் தன்னாட்சி மாநிலம் தருவதாக 2008இல் அரசே மாதேசிக் கட்சிகளுக்கு எழுதிக்கொடுத்திருந்தது. மேற்குத் தராயின் டிகாபூரில் எட்டுக் காவலர்களும் ஒரு குழந்தையும் கொல்லப்பட்டனர், அது மன்னிக்கக்கூடியதல்ல. மறுநாள் அங்கே தாருக்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. தராயின் பிற ஊர்களில் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆகஸ்ட், செப்டம்பரில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

செப்டம்பர் 16 வாக்கெடுப்பில் ஆதரவு 507, எதிர்ப்பு 25. அந்த 25 வாக்குகள் இந்து ராஷ்டிரம் கேட்டவர்களுடையவை. மாதேசிக் கட்சிகள் பெரும்பாலும் சபையைப் புறக்கணித்திருந்தன. ஆதரவை மட்டும் எண்ணினால் பெரிய வெற்றிதான். ஆனால் சம்மதிக்காதவர்கள் நாடெங்கும் சிதறி இருக்கவில்லை. ஒரே நிலப்பகுதியில், ஒரே குறையோடு, கூட்டாக இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களிடம் எண்ணிக்கையைக் காட்டி வாயடைப்பது ஆட்சியாளர்கள் செய்த பெரும் பிழை என்றே இன்றும் கருதுகிறேன்.

நிலநடுக்கம் தலைவர்களை ஒன்றுசேர்த்தது என்கிறீர்கள். அதிகாரப் பங்கீட்டுக்கு ஆறே வாரத்தில் ஒன்றுசேர்ந்தார்கள். ஜூன் இறுதியில் காத்மாண்டுவில் கூடிய நாடுகளும் வங்கிகளும் 400 கோடி டாலருக்கு மேல் உதவி அறிவித்தன. அதைச் செலவிட வேண்டிய மறுகட்டமைப்பு ஆணையம் அவசரச் சட்டமாகப் பிறந்து, நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்காமல் காலாவதியானது. புதிய சட்டத்தால் அது மீண்டும் உருவாகி, அதன் தலைமைக்கு ஒருவரை அமர்த்தியது டிசம்பர் 25இல்! கோர்காவிலும் சிந்துபால்சோக்கிலும் வீடிழந்தவர்கள் அந்தப் பனிக்காலத்தைத் தகரக் கொட்டகைகளில் கழித்தார்கள். இதற்கு டெல்லியை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

அக்டோபரில் வித்யா தேவி பண்டாரி முதல் பெண் குடியரசுத் தலைவரானார். அதை மகிழ்ச்சியோடு வரவேற்றேன். ஆயினும் அதே சட்டப்படி, வெளிநாட்டவரை மணந்த நேபாள ஆணின் பிள்ளைகளுக்கு வம்சாவழிக் குடியுரிமை உண்டு. அப்படி மணந்த நேபாளப் பெண்ணின் பிள்ளைகளோ வெளிநாட்டவரைப் போல விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். எல்லை தாண்டிய கொள்வினை கொடுப்பினை தராயில் தலைமுறைகளாக நடப்பது. ஆகவே இந்த விதி அதிகம் தாக்குவதும் அங்கேதான். 2016 ஜனவரியில் வந்த முதல் திருத்தம் தொகுதிப் பங்கீட்டைச் சற்றுச் சீர்செய்தது. இந்தக் குடியுரிமை விதியைத் தொடவே இல்லை.