ஆயில் எங்கே போகிறது? பழைய வண்டிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

மும்பையிலும் சுற்றுவட்டாரத்திலும் பத்மினி, அம்பாசடர், மாருதி 800 வைத்திருக்கும் நம்மவர்கள் கேட்டவை இவை. புகார் ஒன்றுதான்: இன்ஜின் ஆயில் குடிக்கிறது.

கேள்வி (செம்பூர், பத்மினி): மாதாமாதம் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது சார். மெக்கானிக், "ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்கிறார். இறக்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம். மாதம் என்பது ஒரு கணக்கே இல்லை. எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், சமதரையில், ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை ஊற்றி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 500 கி.மீ. ஓடியபின் அதே இடத்தில் நிறுத்தி, அளவு போட்ட குவளையால் மறுபடி மேல்கோடு வரை நிரப்புங்கள். உங்கள் கட்டடத்தின் பார்க்கிங் சரிவாக இருந்தால் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். 1,000 கி.மீ.க்குக் கால் லிட்டர் என்றால் அந்த வயது இன்ஜினுக்கு அது சகஜம், விட்டுவிடுங்கள். ஒரு லிட்டரைத் தொட்டால் தேட ஆரம்பிக்கலாம். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். கூடுதல் ஆயிலை இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அடித்துக் கலக்கும். அது ஆவியாகி, இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் ப்ரீதர் குழாய் வழியே போய்விடும்.

அதே நண்பர்: அளந்தாயிற்று சார். 800 கி.மீ.க்கு ஒரு லிட்டர். நீலப் புகையும் வருகிறது.

பதில்: நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அப்படியானால் கேட்க வேண்டியது, புகை எப்போது வருகிறது என்பதுதான். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் குபுக்கென்று விட்டு, ஒரு நிமிடத்தில் தெளிந்துவிட்டால் வால்வின் தண்டைத் தாங்கும் குழலான வால்வ் கைடு, அங்கே ஆயிலைத் தடுக்கும் வால்வ் சீல் பக்கம் பாருங்கள். இரவில் ஆயில் கைடு வழியே சொட்டி இறங்கியிருக்கும்.

இதை உறுதி செய்ய நல்ல இடம் மும்பை-புனே சாலையின் கண்டாலா காட் மலைப்பாதை. புனேயிலிருந்து திரும்பும்போது இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு, கியரிலேயே இறங்குங்கள். காற்றுவழியை அடைக்கும் த்ராட்டில் மூடியிருப்பதால், காற்றை உள்ளிழுக்கும் இன்டேக் குழாயில் வெற்றிடம் கூடி, தேய்ந்த கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். அடிவாரத்தில் காலை அழுத்தும்போது பின்னால் வரும் வண்டியே மறையும் அளவு நீலமாகக் கக்கினால் கைடுதான். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், செலவும் குறையும். மாறாக, ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் புகைந்தால் ரிங் அல்லது சிலிண்டரின் உட்சுவரான போர் தேய்ந்திருக்கிறது.

இன்ஜினைத் திறப்பதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நாலு பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுக்க அழுத்தியபடி. அளவு குறைவாக வந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் கசிகிறது. ஏறாவிட்டால் வால்வ் சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் கசிகிறது. ஆனால் கைடு தேய்மானம் இந்தச் சோதனையில் தெரியாது. கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் ஆயில் குறைகிறது என்றால் என் சந்தேகம் முதலில் கைடு மேல்தான். கழற்றிய பிளக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் எந்த சிலிண்டர் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி (டோம்பிவிலி, பழைய 1489 சிசி அம்பாசடர்): புகையே இல்லை அண்ணே. ஆனால் ஆயில் குறைகிறது.

பதில்: எரியவில்லை என்றால் ஒழுகுகிறது. இரவில் அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்துவிட்டு, காலையில் சொட்டு எந்த இடத்தில் என்று பாருங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் என்றால் ஆச்சரியமில்லை. அந்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜினில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. திருகு மாதிரி ஒரு வெட்டுதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். ப்ரீதர் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி அந்த வழியாகத் தள்ளும். கிளட்சை இறக்குவதற்கு முன் ப்ரீதர் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். பெட்ரோலில் கழுவும் அரைமணி நேர வேலைதான்.

கேள்வி (முலுண்ட், பத்மினி): ஊருக்குள் ஓட்டினால் லெவல் குறைவதே இல்லை. நாசிக் போய் வந்தால் அரை லிட்டர் காணாமல் போகிறது. இது என்ன மாயம்?

பதில்: மாயம் இல்லை, பெட்ரோல். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் சவ்வு கிழிந்தாலும், கூடுதல் பெட்ரோல் விடும் சோக்கை இழுத்தபடி ஓட்டினாலும் பெட்ரோல், இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் இறங்கும். எரிந்த ஆயிலின் இடத்தை அது நிரப்புவதால் டிப்ஸ்டிக் நன்றாகவே காட்டும். ஹைவேயில் இன்ஜின் நன்றாகச் சூடானதும் பெட்ரோல் ஆவியாகி, உண்மை லெவல் வெளியே வரும். டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பம்ப்பை மாற்றி, ஆயிலையும் மாற்றுங்கள். இந்தக் கேள்விகளிலேயே எனக்குக் கவலை தருவது இதுதான்: நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

கேள்வி (கோரேகாவ்): சிலிண்டரைக் குடைந்து ரீபோர் செய்து புது ரிங் போட்ட பிறகும் புகை.

பதில்: எத்தனை கி.மீ. ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. முதல் சில நூறு கி.மீ. பொறுங்கள். ஆனால் புது இன்ஜினை ஐட்லிங்கில் மணிக்கணக்காக விட்டு "செட்" ஆக்குகிற வழக்கம் இங்கே பல பட்டறைகளில் உண்டு. அது எனக்குப் பிடிக்காது. லோடு இல்லாமல் ஓடினால் ரிங் உட்காராது, போர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். அப்புறம் மறுபடி சுவரைச் சொரசொரப்பாக்கும் ஹோனிங்தான். வேகத்தை மாற்றி மாற்றி, மிதமான லோடில் ஓட்டுங்கள். தொடக்கத்தில் சாதாரண மினரல் ஆயிலே போதும்.

கேள்வி (சயான்): கெட்டி ஆயில் ஊற்றினால் சரியாகுமா?

பதில்: 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயில் ஊற்றியிருந்தால் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50க்கு மாறுங்கள், வித்தியாசம் தெரியும். ஏற்கெனவே அதுதான் என்றால் மேலே போக வேண்டாம்.

கேள்வி (தாணே): மழைக்காலத்தில் காலையில் வெள்ளைப் புகை.

பதில்: நீராவி. வண்டி சூடானபிறகும் விடவில்லை, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால் மட்டும் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

கேள்வி (மாட்டுங்கா): தாத்தாவின் பத்மினி பல வருஷமாக நின்றுகிடந்தது. இப்போது ஓட்டினால் ஒரே புகை.

பதில்: ரிங் தேய்ந்திருக்காது, கார்பனில் ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆட்டோமேட்டிக் ட்ரான்ஸ்மிஷன் ஆயில் (ஏடிஎஃப்) விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிளக் இல்லாமலே இன்ஜினைச் சுழற்றி அதை வெளியேற்றி, சம்ப் ஆயிலை மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சுற்றும்போது பிளக் துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள், நல்ல சட்டையும் போடாதீர்கள். 300 கி.மீ. ஓட்டியும் குறையாவிட்டால் கம்ப்ரஷன் எண்களோடு எழுதுங்கள்.