'இது யார்?' என்று ஆசிரியை கேட்டால்

கேள்வி: என் கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் நானும் என் துணைவியும் என் ஆறு வயது மகளும் ஒரே வீட்டில் வாழ்கிறோம். மகள் அவரைச் சின்னம்மா என்று அழைக்கிறாள். பாடசாலையில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது எங்கள் மூவரையும் வரைந்திருக்கிறாள். "இது யார்?" என்று ஆசிரியை கேட்டதும் பதில் சொல்லாமல் அழுதுவிட்டாளாம். வீட்டுக் கதையை வெளியே பேசக் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். இனி அவளிடம் என்ன சொல்வது? எனக்கு ஏதாவது நேர்ந்தால் அவள் யாரிடம் இருப்பாள்?

- வாசகி, அட்டன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகள் விடை தெரியாமல் அழவில்லை. விடை நன்றாகத் தெரிந்தும், அதைச் சொன்னால் அம்மா சொல்லைத் தட்டியதாகிவிடுமே என்று திணறித்தான் அழுதிருக்கிறாள். ஆகவே அந்தக் கட்டளையை இன்றைக்கே திரும்பப் பெறுங்கள். "யார் கேட்டாலும் 'என் சின்னம்மா, எங்களோடுதான் இருக்கிறார்' என்று சொல்லம்மா" என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. தாய் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குப் போய்விட, அம்மாயியின் கையில் சோறுண்டு வளர்ந்த பிள்ளைகள் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். வளர்த்தவரை உறவுமுறை சொல்லி அழைப்பது மலையக ஆசிரியை எவருக்கும் புதிதாக இருக்காது.

அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, அடுப்படிச் சுவரிலோ அவள் கண்ணில் படும் வேறெங்கோ ஒட்டி வையுங்கள். பேசியதற்காக அம்மா கோபிக்கவில்லை என்பதை அவள் தினமும் பார்க்கட்டும்.

இன்னும் சில ஆண்டுகளில், நீங்களும் சின்னம்மாவும் ஏன் ஒரே காம்பராவில் உறங்குகிறீர்கள் என்று அவள் கேட்பாள். கேட்ட அளவுக்கு, உண்மையையே சொல்லுங்கள்: "நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நேசிக்கிறோம், துணையாக வாழ்கிறோம்." தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பேச்சில் அடிபட்டு அவள் அதை முதலில் கேட்கக் கூடாது என்பதே என் பெரிய கவலை. இரண்டு தாய்மாரிடம் வளர்வதால் பிள்ளை கெட்டுவிடுமோ என்ற பயமும் வேண்டாம். பெற்றோர் ஒரே பாலினத்தவர் என்பதால் பிள்ளையின் நலன் குறைவதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2013 இலேயே அறிவித்துவிட்டது.

உங்கள் அச்சம் காரணமற்றது என்று நான் சொல்லமாட்டேன். இலங்கையின் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில், ஒரே பாலினத்தவரின் பாலுறவுக்கு எதிராகப் பயன்படுத்தப்படும் 365அ பிரிவு 1995 இல் பெண்களுக்கும் விரிக்கப்பட்டது. அதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் கூறியது நமக்குப் பெரிய ஆறுதல். ஆனால், அந்தப் பிரிவு குறிப்பிடுவது பாலுறவுச் செயலையே. இரு பெண்கள் ஒரு வீட்டில் வாழ்வதையோ பிள்ளை வளர்ப்பதையோ அது குற்றமாக்கவில்லை. யாராவது அதைச் சொல்லி மிரட்டினால், தனியே பதில் சொல்லப் போகாமல் சட்டத்தரணி ஒருவரை நாடுங்கள்.

அடுத்தது உங்கள் இரண்டாவது கேள்வி. இதைத் தள்ளிப் போடவே கூடாது. 1941 ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்படி கணவன் மனைவியர் மட்டுமே கூட்டாகப் பிள்ளையைத் தத்தெடுக்க முடியும் என்பதால், எத்தனை ஆண்டுகள் சேர்ந்து வளர்த்தாலும் உங்கள் இருவரையும் சட்டம் ஒன்றாகப் பெற்றோராக ஏற்காது. எனவே, மகளுக்குப் பாதுகாவலராக உங்கள் துணைவியே இருக்க வேண்டும் என்று விருப்பாவணம் (உயில்) ஒன்றில் எழுதி வையுங்கள். நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு அதில் கையொப்பமிடுங்கள். பின்னாளில் உறவினர் எவரேனும் வழக்குக்குப் போனால், நீதிமன்றம் பிள்ளையின் நலனையே முதலில் பார்க்கும். அப்போது உங்கள் எழுத்தும், அவளைப் பாடசாலைக்கும் மருந்து எடுக்கவும் சின்னம்மா அழைத்துச் சென்றதற்கான பதிவுகளும் துணை நிற்கும். அதனால் பெற்றோர் கூட்டத்துக்கு இருவருமாகவே போய் வாருங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இரண்டாவது இலக்கமாக அவருடையதைக் கொடுங்கள். விருப்பாவணத்தைப் பிறப்புச் சான்றிதழ்களோடு பத்திரப்படுத்தி, அது இருக்கும் இடத்தை அவருக்கும் நீங்கள் நம்பும் இன்னொரு உறவினருக்கும் சொல்லி வையுங்கள்.