கை பேசினால் வாய் பேசாதா?

அன்புள்ள ஐயா,

என் தங்கை மகனுக்கு இரண்டரை வயது. பிறவியிலேயே காது கேட்காது. காது மெஷின் போட்டுப் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வருகிறான். ‘வீட்டில் கையைக் காட்டிப் பேசாதீர்கள், அப்புறம் பேச்சே வராது’ என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அவன் கையை ஆட்டினாலே தங்கை பிடித்து இறக்கிவிடுகிறாள். சைகையை நீங்கள் மொழி என்று எழுதுகிறீர்கள். வெறும் கைஜாடை எப்படி மொழியாகும்? அது பேச்சைக் கெடுக்காதா?

மீனாட்சி, நாமக்கல்

அன்புள்ள மீனாட்சி,

முதல் வேலையாகத் தங்கையிடம் சொல்லுங்கள், பிள்ளையின் கையை இறக்க வேண்டாம்.

அந்த அறிவுரை மிகப் பழையது. 1880இல் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, வாய்ப்பேச்சே போதும், பள்ளியில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அதை நிராகரிக்கும்வரை எத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் கைகள் கட்டப்பட்டன என்பதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

கைஜாடை வேறு, சைகை மொழி வேறு. வாஷிங்டனில் காதுகேளாதோருக்கான கேலடெட் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கி இதை 1960இல் காட்டினார். நீங்களே செய்து பாருங்கள். ஆட்காட்டி விரலை நீட்டி, நெற்றியின் குறுக்கே இழுத்தபடி கொக்கிபோல மடக்குங்கள். அமெரிக்கச் சைகை மொழியில் அது ‘கோடை’. அதே விரல், அதே அசைவு, மூக்கருகே செய்தால் ‘அசிங்கம்’. மோவாயில் செய்தால் ‘காய்ந்தது’. இடம் மட்டும்தான் மாறியது. ‘கல்’லும் ‘பல்’லும் ஓர் ஒலியில் வேறுபடுவதுபோல. கையின் வடிவம், இடம், அசைவு என்று தனியே பொருளில்லாத உறுப்புகள் சேர்ந்து சொல்லாகின்றன. தூரத்தில் இருப்பவரை ‘வா’ என்று கையாட்டிக் கூப்பிடுவதை இப்படிப் பிரிக்க முடியாது.

இனி உங்கள் அச்சம். ரேச்சல் மேபெரியும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்ப் பதில். பிந்தித்தான் ஆங்கிலம் கற்ற மூன்று குழுவினரின் ஆங்கில இலக்கண அறிவைச் சோதித்தார்கள். சிறு வயதிலேயே சைகை மொழி பெற்ற காதுகேளாதோர். உருது, கிரேக்கம் போன்ற வேறு மொழியில் வளர்ந்த காது கேட்பவர்கள். சிறு வயதில் எந்த மொழியும் சரியாகக் கிடைக்காத காதுகேளாதோர். முதல் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவில் நன்றாகச் செய்தன. மூன்றாவது குழு வெகுவாகப் பின்தங்கியது. முதல் மொழி கண்வழி வந்ததா காதுவழி வந்ததா என்பது பொருட்டாகவில்லை. காலத்தில் வந்ததா என்பதே பொருட்டானது. சைகை அடுத்த மொழிக்கு ஏணியாக நின்றிருக்கிறது. கெடுத்தது மொழியில்லாத வெற்று ஆண்டுகள்தான்.

அந்த ஆய்வு அளந்தது இலக்கண அறிவை, குரலை அல்ல. குரலுக்கு மெஷினும் பயிற்சியும் வேண்டும், அவற்றை நிறுத்தாதீர்கள். ஆனால் பேச்சு வரட்டும் என்று மொழியைக் காக்க வைக்காதீர்கள். இரண்டரை வயது, நாள்கள் ஓடுகின்றன.

கற்க வேண்டியது இந்தியச் சைகை மொழி. அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துக் கற்காதீர்கள். அங்கே எழுத்துகளுக்கு ஒரு கை, இங்கே இரண்டு கை, சொற்களும் வேறு. டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியைக் காணொளியாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதோடு, காதுகேளாத பெரியவர் ஒருவரை வாரம் ஓரிரு முறையாவது வீட்டுக்கு அழையுங்கள். சொல் அகராதியில் கிடைக்கும், பேச்சோட்டம் அவரிடம்தான் கிடைக்கும்.

காது கேட்பவர்கள் வழக்கமாகத் தவறுவது ஓரிடத்தில். பந்தைக் கையில் கொடுத்துவிட்டு உடனே ‘பந்து’ என்று சைகை செய்வார்கள். காது கேட்கும் பிள்ளை பந்தைப் பார்த்தபடியே சொல்லைக் கேட்கும். இவன் கண் பந்தில் இருந்தால் உங்கள் கை அவனுக்கு இல்லை. அவன் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கும்வரை பொறுங்கள், பிறகு செய்யுங்கள். இல்லையென்றால் பந்தை உங்கள் மோவாய்க்கருகே பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தொடங்குங்கள். தோளைத் தொட்டு அழைக்கலாம், முகத்தைப் பிடித்துத் திருப்பக் கூடாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். முகம் இருண்டுவிடும், சைகையில் கேள்வியைக் காட்டுவதில் புருவத்துக்கும் பங்குண்டு.