தூண் பாறையின் உயரத்தை இலவச உயரத் தரவை வைத்து அளக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். கொடைக்கானல் தூண் பாறை சுமார் 400 அடி, அதாவது 122 மீட்டர் என்பார்கள். நாசாவின் எஸ்ஆர்டிஎம் தரவில் (2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்தது) நிலம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 30 மீட்டர். ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம்தான். செங்குத்துப் பாறை இரண்டு கட்டங்களுக்கு, அதாவது 60 மீட்டருக்குப் பரவிவிட்டால், சரிவு 90 டிகிரிக்குப் பதில் 64 டிகிரிதான் வரும்.

அதனால் சரிவை நம்பாதீர்கள், உயர வித்தியாசத்தைப் பாருங்கள். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் விளிம்புக்குக் குறுக்காக ஒரு கோடு போட்டு உயர வெட்டுமுகம் (கோட்டின் நெடுக உயரம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) எடுங்கள். மேலே கோடு சமமாகும் இடத்தின் உயரத்திலிருந்து கீழே சரிவு தணியும் இடத்தின் உயரத்தைக் கழித்தால் போதும். விளிம்பில் இருக்கும் கட்டத்தைத் தொடவே வேண்டாம், அது மேலும் கீழும் கலந்த சராசரி.

சரிவு வரைபடமும் வேண்டுமென்றால் முதலில் கோப்பை யுடிஎம் 43 வடக்குக்கு (இடங்களை மீட்டரில் குறிக்கும் ஆயமுறை) மாற்றிவிடுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியிலேயே விட்டால் சமவெளியும் 89 டிகிரி காட்டும். நானும் அப்படி ஒரு நாள் முழுக்க முழித்திருக்கிறேன்.

அப்புறம், ரேடார் சாய்வாகப் பார்ப்பதால் பாறையின் மறைவுப் பக்கம் பதிவாகாது, அங்கே இட்டு நிரப்பிய எண்களும் இருக்கலாம். சோலை மரங்களின் உயரமும் சேர்ந்தே வரும். பத்துப் பதினைந்து மீட்டர் பிசகு சகஜம். துல்லியம் வேண்டுமென்றால் லேசர் ஒளியால் அளக்கும் லைடார்தான்.